பேயிடம் போய்ச் சேர்ந்த பேரரசர் எழுத்து

‘டைட்டானிக்’ போஸ்டரில் இருந்த தலைப்பெழுத்தின் பூர்வீகம் ரோம். பேரரசர் டிராஜனின் வெற்றித் தூண் அங்கே கி.பி. 113-இல் எழுப்பப்பட்டது. அதன் பீடத்தில் செதுக்கியிருந்த எழுத்துகளைப் பார்த்து, அடோபி நிறுவனத்தின் கரோல் ட்வாம்ப்ளி 1989-இல் ஓர் எழுத்துரு வரைந்தார். பெயரும் டிராஜன்தான். கல்வெட்டில் a, b போன்ற சின்ன எழுத்துகள் இல்லை, அவரும் வைக்கவில்லை.

‘பாடிகார்ட்’, ‘அப்போலோ 13’, ‘கிளாடியேட்டர்’ என்று ஹாலிவுட் அதை விடாமல் பிடித்துக்கொண்டது. கிளாடியேட்டருக்கு ரோமானிய எழுத்து, சரி. விண்வெளியில் பழுதான விண்கலத்துக்கும் ரோமாபுரிக்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் அந்த நிமிர்ந்த கால்களையும் தாராளமான இடைவெளியையும் பார்த்தால், ஏதோ பெரிய சமாசாரம் என்று தோன்றிவிடுகிறது. ஏன்?

எழுத்தின் தோற்றத்துக்கு ஒரு குணம் உண்டா என்று 1923-லேயே சோதித்திருக்கிறார்கள். நகை, வாசனைத் திரவியம், காப்பி, கட்டுமானப் பொருள் ஆகியவற்றுக்கு எந்த அச்செழுத்து பொருந்தும் என்று ஆய்வாளர்கள் பொஃபன்பெர்கரும் ஃபிராங்கனும் அமெரிக்காவில் கேட்டார்கள். பதில்கள் பெரிதும் ஒத்துப்போயின. எழுத்து மட்டுமல்ல, வெறும் உருவமும் அப்படித்தான். 1929-இல் உளவியலாளர் கோலர் வளைவான உருவம் ஒன்றையும் முட்கள் போன்ற உருவம் ஒன்றையும் காட்டி, ‘பலூபா’ எது, ‘டகேட்டே’ எது என்றார். பெரும்பாலோர் தயங்காமல் முள்ளைத்தான் ‘டகேட்டே’ என்றார்கள். சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், ஹப்பர்டுடன் சேர்ந்து 2001-இல் இதையே வளைவுக்கு ‘பூபா’, முள்ளுக்கு ‘கிக்கி’ என்று மாற்றிப் பிரபலமாக்கினார். ஆய்வாளர்கள் பார், நேட்டா இருவரும் 2006-இல், ஒரே பொருளின் கூரான வடிவத்தைவிட வளைந்த வடிவத்தையே மனிதர்கள் விரும்புவதைக் கண்டார்கள். கூரானதைப் பார்க்கும்போது, அச்சத்தோடு தொடர்புள்ள மூளைப்பகுதியான அமிக்டலா கூடுதலாக விழித்துக்கொள்வதை அடுத்த ஆண்டு ஸ்கேனில் காட்டினார்கள்.

அப்படியானால் எல்லாமே வடிவத்தின் வேலையா? எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். டிராஜன் எழுத்துருவின் பிற்கால வாழ்க்கையைப் பாருங்கள். பெல்ஜியத்தைச் சேர்ந்த எழுத்துரு ஆர்வலர் ஈவ் பீட்டர்ஸ் ஆயிரக்கணக்கான போஸ்டர்களைப் புரட்டி அதைப் பின்தொடர்ந்தார். ஆஸ்கர் கனவோடு வந்த படங்களின் எழுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்த செலவில் எடுத்த பேய்ப் படங்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. எழுத்தின் ஒரு வளைவுகூட மாறவில்லை. மாறியது சகவாசம் மட்டுமே. கம்பீரத்தைக் கடன் வாங்க ஆளாளுக்கு எடுத்துப் பூசினார்கள்; கடைசியில் அந்த எழுத்தைக் கண்டதும் மலிவான பேய்ப் படம் ஞாபகத்துக்கு வந்தது. எழுத்துக்கு அர்த்தம் சேர்ப்பதில் வடிவத்தைவிடப் பழக்கத்துக்கே பங்கு அதிகம் என்பது என் எண்ணம்.

தமிழில் தலைப்பைப் பெரும்பாலும் படத்துக்குப் படம் புதிதாக வரைகிறார்கள். அதனால் இங்கே பழகிப்போனவை சில கைவேலைகளே: கொம்பு அரிவாளாகும், துணைக்கால் வேல்கம்பாக நீளும், பேய்ப் படம் என்றால் எழுத்திலிருந்து ரத்தம் சொட்டும். சுழிகள் நிறைந்த நம் எழுத்தோ இயல்பிலேயே ‘பூபா’ கட்சி. வெட்டுக்குத்துப் படத்துக்கு வரைபவர் அந்த வளைவுகளை ஒடித்து, முனைகளைச் சாய்வாகச் சீவியாக வேண்டும். அதற்கும் எல்லை உண்டு. ஒரு சுழியைக் கூடுதலாகச் சீவிவிட்டால் ‘ண’ போய் ‘ன’ வந்து நிற்கும்.