ஆற்றுப் படுகையும் ஆய்வாளரும்: நீர்ப் பொறியியலில் ஒரு கல்வி வாழ்க்கை

திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதி, நீர்ப் பொறியியலில் ஆய்வு செய்ய விரும்புபவருக்கு அத்துறையின் முதன்மையான சிக்கல்கள் பலவற்றைச் சில பத்துக் கிலோமீட்டர் வட்டத்துக்குள் காட்டிவிடும் நிலப்பரப்பாகும். ஆந்திர மலைப்பகுதியில் தோன்றி, பிச்சாட்டூர் அணையைக் கடந்து ஊத்துக்கோட்டை வழியாக வரும் ஆரணியாறு பழவேற்காடு ஏரியில் கலக்கிறது. பூண்டி நீர்த்தேக்கத்தைத் தாண்டி வரும் கொசஸ்தலையாறு எண்ணூர் முகத்துவாரத்தில் கடலை அடைகிறது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் வட்டாரத்தின் நிலத்தடி நீர், இவ்விரு ஆறுகளும் காலங்காலமாகப் படியவைத்த மணலிலும் களிமண்ணிலும் தங்கியுள்ளது. வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையும், தெற்கே மணலி, எண்ணூர் ஆலைகளும், மேற்கே சென்னைக்குக் கிருஷ்ணா நீரைக் கொண்டுவரும் கால்வாயும், இடையே நெல்வயல்களும் மீனவர் குப்பங்களும் இருக்க, அனைவரும் ஏதோ ஒரு வகையில் ஒரே நீரைச் சார்ந்தே வாழ்கின்றனர்.

இத்தகைய இடத்தில் நீர் எப்படி நகர்கிறது, அதனோடு உப்பும் வண்டலும் கழிவும் எங்கே போய்ச் சேர்கின்றன என்பதைக் கணிதச் சமன்பாடுகளாக எழுதி, கணினியில் தீர்த்து, இனி நிகழக்கூடியதை மதிப்பிடும் அறிவுத்துறை நீர்ச்சூழல் மாதிரியாக்கம் எனப்படுகிறது. மாதிரி என்பது இங்கே, ஓர் ஆற்றையோ நீர்த்தாங்கியையோ (நிலத்தடி நீரைத் தேக்கி வைத்து ஓடவிடும் மண், பாறை அடுக்கையோ) எண்களால் அமைத்துக் காட்டும் கணக்கைக் குறிக்கும்.

தொட்டியிலிருந்து கணினிக்கு

கணினிக்கு முந்தைய காலத்தில் மாதிரிகள் கல்லாலும் சிமெண்டாலும் கட்டப்பட்டன. 1944ல் கொசஸ்தலையாற்றின் குறுக்கே கட்டிமுடிக்கப்பட்டு, பின்னர் சத்தியமூர்த்தி சாகர் எனப் பெயர்பெற்ற பூண்டி நீர்த்தேக்கத்தை அடுத்து, மாநில அரசின் நீரியல் ஆய்வு நிலையம் இயங்கி வருகிறது. அணைகளின் கலிங்குகளும் மதகுகளும் கட்டப்படுவதற்கு முன் அவற்றின் சிறிய வடிவங்களில் நீரை ஓடவிட்டு ஆராய்வது அத்தகைய நிலையங்களின் பணியாகும். நீளத்தை நூறில் ஒரு பங்காகக் குறைத்தால் நீரின் வேகம் பத்தில் ஒரு பங்காகக் குறைய வேண்டும் என்பது போன்ற ஒப்புமை விதிகளின்படி அளவீடுகள் பெரிய அணைக்கு மாற்றப்படுகின்றன. ஆனால் ஆற்று மணலின் துகள்களை நூறு மடங்கு சிறிதாக்கினால் அவை களிமண்ணைப் போல ஒட்டத் தொடங்கும். உப்புநீரும் நன்னீரும் கலக்கும் முறையும் தொட்டியில் முழுமையாக ஒத்துவராது. ஆகவே கழிவு, உப்பு, வண்டல் பற்றிய கேள்விகள் மிகுந்தபோது இத்துறை கணினியை நோக்கி நகர்ந்தது.

மீஞ்சூர் தந்த பாடம்

நிலத்தடி நீருக்கான கணக்கின் அடிப்படை 1856ல் வெளிவந்தது. பிரான்சின் திஜோன் நகரக் குடிநீர்ப் பணியில் ஈடுபட்ட ஆன்ரி டார்சி, மணல் நிரப்பிய குழாயில் நீரைச் செலுத்தி, இரு முனைகளின் நீர்மட்ட வேறுபாட்டுக்கு ஏற்ப ஓட்டம் கூடுகிறது என்றும், நீர் கடக்க வேண்டிய மணலின் நீளத்துக்கு ஏற்பக் குறைகிறது என்றும் கண்டார். அவ்விதியை ஆயிரக்கணக்கான சிறு கட்டங்களுக்குத் தனித்தனியே எழுதி ஒருங்கே தீர்ப்பதைத்தான் இன்றைய நிலத்தடி நீர் மென்பொருள்கள் செய்கின்றன.

1960களின் பிற்பகுதியில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு நடந்த ஆய்வுகள், இப்படுகையில் நிலத்தடி நீர் வளம் மிகுந்த இடங்களை அடையாளம் காட்டின. மீஞ்சூரிலும் அதைச் சுற்றியும் கிணற்று வயல்கள் அமைந்து சென்னை நகரின் தேவைக்கு நீர் இறைக்கப்பட்டது. வயல்களுக்கான இறைப்பும் அதனோடு சேர, நன்னீரின் மட்டம் தாழ்ந்து கடல்நீர் நிலத்தடியில் உள்நோக்கி நகர்ந்தது. கடல்நீர் நன்னீரைவிட நாற்பதில் ஒரு பங்கு அடர்த்தி மிகுந்ததாதலால், அசைவற்ற சமநிலையில் கடல் மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை உப்புநீர் அணுகாது. மேலே ஒரு மீட்டர் குறைந்தால் கீழே நாற்பது மீட்டர் இழப்பு நேரும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கைபன், ஹெர்ஸ்பெர்க் என்னும் ஐரோப்பியப் பொறியாளர் இருவர் தனித்தனியே கண்ட தொடர்பு இது. 1960களின் இறுதியில் மீஞ்சூர்ப் பக்கம் கடற்கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டரில் இருந்த உவர்நீர் எல்லை, பின்னாளில் 10 கிலோமீட்டருக்கு அப்பாலும் சென்றதாக ஆய்வுகள் காட்டின. கட்டுப்பாடின்றி நீர் இறைப்பதைத் தடுக்கச் சென்னைப் பெருநகரப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் 1987ல் இயற்றப்பட்டது.

அண்ணா பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறைப் பேராசிரியராகப் பணியாற்றிய எல். இளங்கோவும் அவருடைய மாணவர்களும் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆய்ந்தது இந்தப் படுகையைத்தான். கிணறுகளில் மட்டத்தை அளத்தல், நீரின் வேதியியலைச் சோதித்தல், மண்ணின் மின்தடையைக் கொண்டு உப்பின் ஆழத்தைக் கணித்தல், அவற்றைக் கணினி மாதிரியில் இணைத்தல் என அவர்களின் பணி விரிந்தது. ஆரணியாற்றின் குறுக்கே பாலேஸ்வரத்தில் அமைந்த தடுப்பணை சுற்றுவட்டக் கிணறுகளின் நீர்மட்டத்தையும் தரத்தையும் எவ்வளவு உயர்த்துகிறது என்பதும் அங்கே ஆராயப்பட்டது. தடுப்பணை பயனுள்ளது என்ற பொதுவான நம்பிக்கை அதனால் அளந்து சொல்லக்கூடிய முடிவாக மாறியது.

முகத்துவாரக் கணக்கு

கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பகுதிகளில் மாதிரியாளர் சந்திக்கும் மற்றொரு கேள்வி கழிவைப் பற்றியது. 1925ல் ஸ்ட்ரீட்டர், பெல்ப்ஸ் என்னும் இரு அமெரிக்கர்கள் ஓகியோ ஆற்றுக்காக எழுதிய சமன்பாடு, கரிமக் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் நீரின் ஆக்சிஜனைக் குறைப்பதையும் காற்று அதை ஈடுசெய்வதையும் ஒரே கணக்கில் வைத்து, கழிவு கலந்த இடத்துக்குக் கீழே எந்தத் தொலைவில் ஆற்றின் நிலை மிக மோசமாகும் என்பதைச் சொன்னது. ஆனால் எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் நீர் ஒரே திசையில் ஓடுவதில்லை. நாளுக்கு இருமுறை ஓதம் ஏறியிறங்க, கழிவும் முன்னும் பின்னும் அலைகிறது. இக்கடற்கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்க வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டரே என்பதால், மணல் அடைப்பை வாரிச் செல்லும் வலிமை அதற்குக் குறைவு. கரையோரமாக மணல் வடக்கு நோக்கி நகர்வதால் முகத்துவாரங்கள் அடைபடுவதும் உண்டு. 2010ல் காட்டுப்பள்ளியில் தொடங்கிய, நாளுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை போன்றவை வெளியேற்றும் செறிந்த உப்புநீரும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூரில் பரவிய எண்ணெயும் எங்கே செல்லும் என்பதைக் கணிக்க, ஓதம், மணல் நகர்வு, முகத்துவார அடைப்பு அனைத்தும் ஒரே மாதிரியில் இடம்பெற வேண்டும்.

படிப்பும் பொறுமையும்

இத்துறைக்கு வருவோர் பெரும்பாலும் கட்டடப் பொறியியல் இளநிலைப் பட்டம் பெற்று, கேட் தேர்வின் வழியாக முதுநிலையில் நீர்வளத்தையோ சுற்றுச்சூழலையோ கடலியலையோ தேர்ந்தெடுத்து, பின்னர் நான்கைந்து ஆண்டுகள் முனைவர் ஆய்வில் ஈடுபடுகின்றனர். நிலவியல், வேதியியல், வேளாண் பொறியியல் வழியாக வருவோரும் உண்டு. 1794ல் தொடங்கிய நில அளவைப் பள்ளியிலிருந்து வளர்ந்த கிண்டிப் பொறியியல் கல்லூரியும், 1959ல் தொடங்கிய சென்னை ஐஐடியும் கும்மிடிப்பூண்டி மாணவருக்கு அருகிலுள்ள வாய்ப்புகள். பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளும் நிரல் எழுதுதலும் கட்டாயத் தேவைகள். அவற்றுக்கு இணையாக, வெயிலில் கிணறு கிணறாகச் சென்று மட்டம் அளக்கும் மனமும் வேண்டும்.

அந்த அளவீடுகள் இல்லாமல் மாதிரியை நம்ப இயலாது. மணலின் வழியே நீர் எவ்வளவு எளிதாகப் பாயும் என்பது போன்ற எண்களை மாற்றி மாற்றி, கணக்கில் வரும் நீர்மட்டம் கிணற்றில் கண்ட மட்டத்தோடு பொருந்துமாறு செய்வது அளவுத்திருத்தம். அதில் பயன்படுத்தாத வேறு ஆண்டுகளின் தரவோடு ஒப்பிட்டுப் பார்ப்பது சரிபார்ப்பு. இவ்விரண்டிலும் தேறிய மாதிரியும் தவறாக இருக்கக்கூடும். ஏனெனில் மழைநீர் ஊறும் அளவையும் மணலின் தன்மையையும் ஒருங்கே மாற்றினால், வெவ்வேறு காரணங்களிலிருந்து ஒரே நீர்மட்டத்தைப் பெற்றுவிட முடியும். எது உண்மை என்பது, கணித்த காலம் கடந்தபின் மீண்டும் களத்துக்குச் சென்று பார்க்கும்போதுதான் தெளிவாகும். அதனைப் பின்தணிக்கை என்பர்.

கல்வித்துறை வாழ்க்கையின் தனிப்பயன் வெளிப்படும் இடமும் அதுவே. ஒரு தொழிற்பேட்டைக்கோ துறைமுகத்துக்கோ ஆலோசனை நிறுவனம் தயாரிக்கும் மாதிரி, அறிக்கை ஒப்படைக்கப்பட்டு அனுமதி கிடைத்ததும் பெரும்பாலும் கைவிடப்படுகிறது. அதன் கணிப்பு பலித்ததா என்று பின்னாளில் கேட்க எவருக்கும் ஒப்பந்தம் இல்லை. பல்கலைக்கழக ஆசிரியரோ ஒரே படுகையில் தொடர்ந்து மாணவர்களைப் பயிற்றுவதால், பழைய கணிப்பைப் புதிய அளவீட்டோடு ஒப்பிட்டு, பிழை எங்கே என்பதை வெளியிட முடிகிறது. எத்தனை புதிய மென்பொருள்கள் வந்தாலும், ஆரணியாறு, கொசஸ்தலையாற்றுப் படுகையில் எவ்வளவு இறைக்கலாம், எவ்வளவு கழிவை முகத்துவாரம் தாங்கும் என்னும் முடிவுகள் இத்தகைய தொடர் சோதனையைத் தாங்கிய மாதிரிகளின் மீது அமைந்தால்தான் வயலுக்கும் ஆலைக்கும் குப்பத்துக்கும் ஒரே அளவுகோல் கிடைக்கும். இத்துறையை நாடும் இளைஞர் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியதும், பல ஆண்டுகள் விட்டு விலகாமல் அளக்கத்தக்க ஒரு படுகையையே.