பொன்முகமும் தாழியோடும்

பண்டை எகிப்தியர் இறந்தோரின் முகத்தைக் காக்கும் பொறுப்பைத் தெய்வங்களிடம் ஒப்படைத்தனர். 1925-ல் வெளிப்பட்ட துத்தன்காமன் மன்னனின் பொன்முகமூடி பத்துக் கிலோவுக்கு மேற்பட்ட எடையுடையது. அதன் நெற்றியில் கழுகும் நாகமும் அருகருகே காணப்படுகின்றன. கழுகு, மேல் எகிப்தைக் காக்கும் நெக்பெத் தேவி. நாகம், கீழ் எகிப்தின் வாட்ஜெத் தேவி. பொன்னுக்கு வகையில்லாதோர் துணியையும் சுண்ணச்சாந்தையும் அடுக்கடுக்காக ஒட்டி, உலர்த்தி, வண்ணந்தீட்டிய முகமூடியோடு அமைந்தனர்.

தமிழகத்தில் இறந்தோருக்கு முகமூடி அணிவித்ததாகச் சான்றில்லை. ஆனால் நெற்றிப்பட்டம் உண்டு. தாமிரபரணியின் தென்கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அகழ்வு நடத்திய அலெக்சாண்டர் ரீ, முதுமக்கள் தாழிகளோடு பொற்பட்டங்களையும் கண்டெடுத்தார். அவை நீள்வட்டமான மெல்லிய தகடுகள். புள்ளிகளாலான கோடுகளும் முக்கோணங்களும் அவற்றை அணிசெய்கின்றன. சிலவற்றின் இரு முனைகளிலும் நூல் கோக்கச் சிறு துளை உண்டு. கட்டுவதற்கென்றே செய்தவை என்பதற்கு இத்துளையே சாட்சி. தெய்வ உருவம் எதுவும் அவற்றில் இல்லை.

பெண்ணுருவம் கிடைத்தது பொன்னிலன்று, மண்ணில். 2004-ல் தொடங்கிய அகழ்வில் வெளிப்பட்ட தாழியோடு ஒன்றில் பெண், மான், முதலை, கொக்கு ஆகியவை களிமண்ணை ஒட்டிப் புடைப்பாக அமைக்கப்பட்டுள்ளன. அவளைத் தாய்த்தெய்வம் என்பாரும் உளர். அது சற்று அவசரமான முடிவே. எகிப்தியர் பெரும்பாலும் தெய்வத்தின் பெயரை உருவத்தருகே எழுதிவைத்தனர், இவ்வோட்டில் பெயரில்லை. இத்தகைய ஓடு அகப்படுமிடத்து, அது கிடந்த ஆழமும் அண்டையிலிருந்த பொருள்களுமே பேசவேண்டியவை. கழுவுவதற்கு முன்னரே அவற்றைக் குறித்துக்கொள்ளல் வேண்டும்.