பி.டி. பீரியட் முடிந்ததும் மனசு ஏன் லேசாகிறது?

கணக்குப் பாடம் முடிந்து உர்ரென்ற முகத்தோடு மைதானத்துக்குப் போகிறீர்கள். கல்லா மண்ணா ஆட்டம் தொடங்குகிறது. அரை மணி நேரத்தில் சட்டையெல்லாம் புழுதி, முழங்காலில் சிராய்ப்பு. ஆனாலும் சிரித்துக்கொண்டே வகுப்புக்குத் திரும்புகிறீர்கள். நடுவில் என்ன நடந்தது?

ஓடியாடும்போது நம் உடல் சில வேதிப்பொருட்களைச் சுரக்கிறது. எண்டார்பின் வலியைக் குறைக்கும். மனத்துக்கு இதம் தரும் ஆனந்தமைடு என்ற பொருளை 1992இல் ஜெருசலேமில் ரஃபேல் மெச்சோலம் குழுவினர் கண்டுபிடித்தார்கள். சிராய்ப்பின் எரிச்சல் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் ஊற்றும்போதுதான் உறைக்கிறது அல்லவா? அதற்கு இந்தச் சுரப்புகளும் ஒரு காரணம்.

அப்படியானால் மைதானத்தைத் தனியாகச் சுற்றி ஓடினாலே போதுமே?

போதாது! ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் படகோட்டிகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. துடுப்பு வலிக்கும் பயிற்சி இயந்திரத்தில் அவர்கள் தனித்தனியாகவும், பிறகு குழுவாகச் சேர்ந்து ஒரே தாளத்திலும் பயிற்சி செய்தார்கள். உழைப்பு இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் சேர்ந்து செய்த பிறகு அவர்களால் அதிக வலியைத் தாங்க முடிந்தது. சேர்ந்து செய்யும்போது எண்டார்பின் கூடுதலாகச் சுரக்கிறது என்பது ஆய்வாளர்களின் கருத்து.

ஸ்பெயினின் கட்டலோனியாவில் பேராசிரியர் பெரே லவேகாவின் குழு இன்னும் நுணுக்கமாகப் பார்த்தது. உடற்கல்வி மாணவர்களைப் பாரம்பரிய விளையாட்டுகள் ஆடவிட்டு, ஒவ்வொன்றும் முடிந்த கையோடு மகிழ்ச்சி, கோபம், வருத்தம், பயம் எவ்வளவு என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். ஒருவருக்கொருவர் கைகொடுத்து ஆடும் ஆட்டங்கள் அதிக மகிழ்ச்சி தந்தன. வெற்றி தோல்வி உள்ள ஆட்டங்களில் தோற்றவர்களுக்குக் கோபமும் வருத்தமும் கூடின.

இனி நம் ஆட்டங்களுக்கு வருவோம். மியூசிக்கல் சேரில் முதலில் அவுட் ஆனவர் கடைசிவரை வேடிக்கைதான் பார்க்க வேண்டும். கல்லா மண்ணாவில் அப்படி இல்லை. பிடிபட்டவர்தான் அடுத்துத் துரத்துபவர். யாரும் ஓரமாக உட்கார வேண்டியதே இல்லை.

கபடியில் அவுட் ஆனவர் வெளியே போவார். ஆனால் அவருடைய அணி எதிரணியில் ஒருவரை அவுட் ஆக்கியதும், முதலில் வெளியே போனவர் முதலில் உள்ளே வருவார். அதனால் வெளியே உட்கார்ந்திருப்பவரும் நகத்தைக் கடித்துக்கொண்டு, பாடிப் போகும் நண்பனுக்காகக் கத்துகிறார். தோல்வி அங்கே நிரந்தரமில்லை. மீட்க ஆள் இருக்கிறது. நம் ஆட்டங்களிலேயே மிக அழகான விதி இதுதான் என்பேன்.

நீங்களே சோதித்துப் பாருங்களேன். பி.டி. பீரியட் தொடங்கும் முன் உங்கள் மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று எல்லோரும் ஒரு சீட்டில் எழுதுங்கள். முடிந்ததும் மறுபடி எழுதுங்கள். ஒரு வாரம் கல்லா மண்ணா, மறுவாரம் கபடி, அடுத்து மியூசிக்கல் சேர். சீக்கிரம் அவுட் ஆனவர்களின் மதிப்பெண்ணைத் தனியாகக் கூட்டிப் பாருங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பாடம் முடியவில்லை என்று பி.டி. பீரியடை எடுத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகளை ஆடவிடுங்கள்.