கடைக் கம்ப்யூட்டருக்கும் ஒரு காவல்: வலது பட்டனில் வைரஸ் சோதனை

இரவு கடை அடைக்கும்போது கல்லாவை எண்ணுகிறோம். கிடங்குச் சாவியைச் சரிபார்க்கிறோம். பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புகிறோம். ஆனால் வருடக்கணக்கான வரவு செலவு முழுவதும் அடங்கிய கம்ப்யூட்டரை மட்டும் அப்படியே அணைத்துவிட்டுப் போகிறோம். அதற்கு என்ன காவல் என்று நம்மில் பலர் யோசிப்பதே இல்லை.

2017 ஜூலை 1-ஆம் தேதி சரக்கு மற்றும் சேவை வரி வந்தபின், சிறிய மளிகைக் கடைகளிலும் பில் புத்தகம் போய்க் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. பதிவு பெற்ற வணிகர் தம் கணக்குகளை, அந்த ஆண்டுக்கான ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் பாதுகாத்து வைக்க வேண்டும் என்பது சட்டம். ரிட்டர்னில் காட்டிய விற்பனைத் தொகை அரசாங்கத்தின் இணையதளத்தில் இருக்கும். ஆனால் எந்த வாடிக்கையாளர் எவ்வளவு பாக்கி, எந்த மண்டிக்கு எவ்வளவு தர வேண்டும், கிடங்கில் எத்தனை மூட்டை இருப்பு என்பதெல்லாம் நம் கம்ப்யூட்டரில் மட்டுமே இருக்கிறது. அது போனால் பாக்கியை எதை வைத்துக் கேட்பது?

வைரஸ் எந்த வழியாக வருகிறது?

ஐபிஎம் வகைக் கம்ப்யூட்டர்களில் பரவிய முதல் வைரஸ் என்று சொல்லப்படும் ‘பிரெய்ன்’, 1986-இல் லாகூரில் கம்ப்யூட்டர் கடை நடத்திய சகோதரர்கள் இருவர் எழுதியது. கடையின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அதற்குள்ளேயே எழுதி வைத்திருந்தார்கள். அது பிளாப்பி தட்டு வழியாகக் கைக்குக் கை பரவியது. இன்று பிளாப்பி இல்லை. அதன் இடத்தில் பென் டிரைவ் இருக்கிறது.

ஆடிட்டர் அலுவலகத்துக்கு, ஜெராக்ஸ் கடைக்கு, பிரிண்டிங் பிரஸ்ஸுக்கு என்று நம் பென் டிரைவ் போய் வருகிறது. திரும்பி வந்தபின் உள்ளே இருந்த போல்டர்களின் படத்தின் மூலையில் எல்லாம் சின்ன அம்புக்குறி தெரிந்தால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். உண்மையான போல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் ‘ஷார்ட்கட்’ போட்டு வைக்கும் வைரஸ் அது. அதை அழுத்தினால் வைரஸ் கம்ப்யூட்டருக்குள் இறங்கிவிடும்.

இரண்டாவது வழி, ஈமெயிலிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் பில்லும் விலைப்பட்டியலும். பைலின் பெயர் ‘பிடிஎப்’ என்று முடிவதுபோல் தெரியும். அதற்குப் பின்னால் ‘எக்ஸ்இ’ என்ற வால் மறைந்திருக்கும். அந்த வாலைக் காட்டாமல் மறைப்பதே விண்டோஸின் வழக்கமான அமைப்பு.

ஏன் யாரும் சோதிப்பதில்லை?

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ‘மைக்ரோசாப்ட் டிபெண்டர்’ என்ற காவல் மென்பொருள் இலவசமாகவே இருக்கிறது. ஆனால் அதில் சோதனையைத் தொடங்க, ‘செட்டிங்ஸ்’ திறந்து, ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ போய், வைரஸ் பாதுகாப்புப் பக்கம் தேடி, நாலைந்து இடத்தில் அழுத்த வேண்டியிருக்கிறது. கவுன்டரில் பத்துப் பேர் நிற்கும்போது பில் போடும் பையன் இதைச் செய்வானா? செய்யமாட்டான். அவனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. தராசு கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால்தான் நிறுத்துக் கொடுப்பார்கள். சோதனையும் அப்படிக் கைக்கு எட்டும் இடத்துக்கு வர வேண்டும். அந்த இடம்தான் மவுஸின் வலது பட்டன்.

ஏற்கனவே இருப்பது

பென் டிரைவைச் செருகியதும் திறக்க வேண்டாம். ‘திஸ் பிசி’யில் அதன் படத்தின் மேல் வலது பட்டனை அழுத்துங்கள். வரும் மெனுவில் ‘ஸ்கேன் வித் மைக்ரோசாப்ட் டிபெண்டர்’ என்ற வரி இருக்கும். விண்டோஸ் 11-இல் அது கண்ணில் படாவிட்டால் ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ என்பதை அழுத்தினால் பழைய நீளமான மெனு வரும். இறக்கிய பைலையும் போல்டரையும் இதே முறையில் சோதிக்கலாம். காசு செலவில்லை, ஆள் கூப்பிட வேண்டியதில்லை. இன்றே தொடங்கலாம்.

வேறு ஆன்டிவைரஸ் வாங்கிப் போட்டிருப்பவர்களுக்கு ஒரு விளக்கம். அது இயங்கும்போது டிபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். அந்த மென்பொருள்களும் பெரும்பாலும் தங்கள் பெயரில் ஒரு வரியை வலது பட்டன் மெனுவில் சேர்த்திருக்கும், அதையே பயன்படுத்துங்கள். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஆன்டிவைரஸ் போடுவது இரட்டைக் காவல் ஆகாது. ஒன்றை ஒன்று தடுக்கும், பில் போடும் வேகமும் குறையும்.

டெஸ்க்டாப்பில் சேர்க்க வேண்டியது

டெஸ்க்டாப்பின் காலி இடத்தில் வலது பட்டனை அழுத்தினால் வரும் மெனுவிலும் நமக்கு வேண்டிய வரிகளைச் சேர்க்கலாம். விண்டோஸின் ‘ரிஜிஸ்ட்ரி’ என்ற பதிவேட்டில், ‘கிளாசஸ் ரூட்’ பகுதியில், ‘டெஸ்க்டாப் பேக்ரவுண்ட்’ என்பதன் கீழ் ‘ஷெல்’ என்ற உட்பிரிவு இருக்கிறது. அங்கே புதுப் பெயர் ஒன்றும், அதன் கீழ் ‘கமாண்ட்’ என்ற பிரிவும் ஏற்படுத்தி, எந்த புரோகிராம் ஓட வேண்டும் என்று எழுதினால் போதும். டிபெண்டருக்கு அந்த புரோகிராமின் பெயர் ‘எம்பி கமாண்ட் ரன்’. ஸ்கேன் டைப் 1 என்றால் விரைவுச் சோதனை. 2 என்றால் முழுச் சோதனை. ‘சிக்னேச்சர் அப்டேட்’ என்றால் புது வைரஸ்களின் அடையாளப் பட்டியல் இறங்கும்.

இது பதிவேட்டில் கை வைக்கும் வேலை. தெரியாதவர்கள் தொட வேண்டாம். கம்ப்யூட்டர் பழுதுபார்க்க வருபவரிடம் மேலே உள்ள பத்தியைக் காட்டி, மூன்று வரிகளையும் சேர்த்துத் தரச் சொல்லுங்கள். தொடங்குமுன் பதிவேட்டின் நகலை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இந்த வேலையைத் தானே செய்துவிடும் என்று முகம் தெரியாதவர் அனுப்பும் ரிஜிஸ்ட்ரி பைலை மட்டும் அழுத்தவே கூடாது. திருடனைத் தடுக்கத் திருடனிடமே பூட்டு வாங்கியது போலாகும்.

ஒன்றை மறக்கக் கூடாது. விரைவுச் சோதனை, வைரஸ் வழக்கமாகத் தங்கும் இடங்களை மட்டும் பார்க்கும். பென் டிரைவைப் பார்க்காது. முழுச் சோதனையும் வழக்கமான அமைப்பில் பென் டிரைவை விட்டுவிடும். ஆகவே பென் டிரைவுக்கு அதன் மேலேயே வலது பட்டன். கம்ப்யூட்டருக்கு டெஸ்க்டாப் மெனு. இரண்டும் தனித்தனி வேலை.

கடைக்கு ஏற்ற நடைமுறை

காலையில் கடை திறந்ததும் பட்டியலைப் புதுப்பித்து, விரைவுச் சோதனை. வெளியே போய் வந்த பென் டிரைவ் எதுவானாலும், ஆடிட்டர் கொடுத்ததே ஆனாலும், சோதித்த பின்புதான் திறப்பது. வாரம் ஒரு நாள் வியாபாரம் குறைந்த மத்தியானத்தில் முழுச் சோதனை. அதற்கு நேரம் பிடிக்கும். வைரஸ் பிடிபட்டும் மீண்டும் மீண்டும் வந்தால், டிபெண்டரிலேயே ‘ஆப்லைன் ஸ்கேன்’ இருக்கிறது. கம்ப்யூட்டரை நிறுத்தி மீண்டும் தொடங்கி, சுமார் 15 நிமிடத்தில் முடித்துவிடும். அதற்கு முன் திறந்திருக்கும் பில்லைச் சேமித்துவிட வேண்டும்.

விண்டோஸ் 10 வைத்திருப்போர் கவனிக்க: அதற்கு மைக்ரோசாப்ட் வழங்கிவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பழைய கதவில் புதுப் பூட்டு எத்தனை நாள் தாங்கும்? அடுத்த கம்ப்யூட்டருக்கு இப்போதே பணம் ஒதுக்கி வைப்பது நல்லது.

சோதனை மட்டும் போதாது

2017 மே 12-ஆம் தேதி ‘வான்னாக்ரை’ என்ற வைரஸ் உலகெங்கும் பரவியது. கம்ப்யூட்டரில் இருந்த பைல்களைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், வெளியிட்டிருந்தது. போட்டுக்கொண்டவர்கள் தப்பினார்கள். விண்டோஸ் அப்டேட் வரும்போது ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடும் பழக்கம் நமக்கு உண்டு. அதை விட வேண்டும்.

எந்தக் காவலையும் ஒரு நாள் ஒருவன் தாண்டலாம். அதனால் தினசரிக் கணக்கின் நகலை வெளி டிஸ்க்கில் எடுத்து, எடுத்த உடனே கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். கம்ப்யூட்டரிலேயே மாட்டி வைத்திருந்தால், பைல்களைப் பூட்டும் வைரஸ் நகலையும் சேர்த்தே பூட்டிவிடும். இணையம் வழியாகப் பணம் பறிபோனால் தயங்காமல் 1930 என்ற எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

பில் போடும் பிள்ளையை ஒருநாள் பக்கத்தில் உட்காரவைத்து, பென் டிரைவின் மேல் வலது பட்டனை அழுத்திக் காட்டுங்கள். இரண்டு நிமிடம்கூட ஆகாது. மறுநாள் முதலாளி கடையில் இல்லாவிட்டாலும் அவனே செய்வான்.