போன் சாகவில்லை, அலைதான் மாறியது

2022-ஆம் ஆண்டு தைப்பூசத்துக்குச் சில நாட்கள் முன்பு, பேராக் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். அங்கே மருந்தடிக்கும் வேலை செய்கிற அக்கா ஒருவர் லயத்து வாசலிலேயே என்னை நிறுத்தி விட்டார். கையில் இரண்டு போன்கள்.

"தம்பி, இதக் கொஞ்சம் பாருங்க. டிசம்பர் வரைக்கும் நல்லாத்தான் இருந்திச்சு. புது வருசம் பொறந்ததுலேர்ந்து படம் வரல, மக முகத்தப் பாக்க முடியல. பேசுனா மட்டும் கேக்குது. கிளினிக்குக்குப் போனா, மைசெஜாத்ரா தொறக்காம வாசல்லயே அரை மணி நேரம் நின்னேன்."

டவுனில் ஒரு கடையில் காட்டினாராம். "போன் செத்துப் போச்சு" என்று ஒரே வார்த்தையில் முடித்து, யாரோ பாவித்த போன் ஒன்றை 350 வெள்ளிக்குத் தலையில் கட்டி விட்டார் கடைக்காரர். அன்றைய கணக்கில் அது அக்காவுக்கு எட்டு நாள் கூலி. அந்த இரண்டாவது போனும் டவுனில் பேசியது, தோட்டத்துக்குள் நுழைந்ததும் ஊமையாகி விட்டது.

உண்மை என்னவென்றால், அக்காவின் பழைய போன் சாகவே இல்லை. அது 3ஜி போன். நம் நாட்டில் 2005-இல் வந்த 3ஜி சேவையை, 2021-ஆம் ஆண்டில் பகுதி பகுதியாக அணைத்து வந்து, டிசம்பர் 31-ஆம் தேதியோடு நிறுத்தினார்கள். 2020 ஆகஸ்டில் அரசாங்கம் அறிவித்த 'ஜெண்டேலா' என்னும் திட்டத்தில் சொல்லப்பட்ட காரியம்தான் இது.

ஏன் நிறுத்த வேண்டும் என்று கேட்பீர்கள். ரப்பரை வெட்டித் தள்ளிவிட்டுச் செம்பனை போட்ட காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். நிலம் அதே நிலம்தான், மரம் மாறியது. ஆகாயத்திலும் அப்படித்தான். போன் பேசுவதற்கு ஒதுக்கிய அலைவரிசைகள் அளவானவை. எஸ்டேட் நிலத்தைப் போல அதற்கும் எல்லைக்கல் உண்டு, நினைத்தபடி கூட்டிக் கொள்ள முடியாது. 3ஜி ஓடிக் கொண்டிருந்த 2100, 900 மெகா ஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் 4ஜியைப் போட்டால், அதே இடத்தில் கூடுதலான தகவலை அனுப்பலாம். ஆகவே பழைய மரத்தைச் சாய்த்தார்கள். அக்காவின் போன் பால் வெட்டும் கத்தி மாதிரி. கத்தி மழுங்கவில்லை. வெட்ட மரம் இல்லை, அவ்வளவுதான்.

பேச்சு மட்டும் எப்படிக் கேட்டது? 3ஜியை நிறுத்தியபோது, அதற்கும் மூத்த 2ஜியை விட்டு வைத்தார்கள். சாதாரணப் பேச்சும் குறுஞ்செய்தியும் அதில் போய்விடும். படம், வீடியோ என்றால் அந்த ஒற்றையடிப் பாதை தாங்காது. வட்டம் சுற்றிக் கொண்டே இருக்கும். கடைக்காரர் இதைச் சொல்லியிருந்தால், பழைய போனை அம்மா பேசுவதற்கு வைத்துக் கொள்ளலாம், அவசரப்பட்டு வாங்க வேண்டாம் என்று ஒரு வாரம் யோசித்திருப்பார். 

முன்கூட்டியே கம்பெனியிலிருந்து குறுஞ்செய்தி வரவில்லையா என்று கேட்டேன். வந்ததாம். மலாயிலும் ஆங்கிலத்திலும் வந்ததாம். "பரிசு விழுந்திருக்குன்னு ஏமாத்துறானுங்களே, அது மாதிரின்னு நெனைச்சு அழிச்சிட்டேன் தம்பி." இதில் அக்காவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எந்தெந்தக் காட்டில் மருந்தடிக்க வேண்டும், எத்தனை குலை வர வேண்டும் என்று தினமும் பெரட்டில் கூவுகிறார்கள். 'உங்க போன் ஜனவரியிலிருந்து ஓடாது' என்று ஒரு காலை ஒரு நிமிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

சரி, இரண்டாவது போன் என்ன ஆயிற்று? அதன் மாடல் எண்ணை எடுத்து, லயத்துப் பையன் ஒருவனை இணையத்தில் தேடச் சொன்னேன். வேறொரு நாட்டுச் சந்தைக்காகச் செய்த போன் அது. 4ஜி போன்தான், பொய்யில்லை. ஆனால் 4ஜி என்பது ஒரே அலை இல்லை. நம் நாட்டில் 900, 1800, 2100, 2600 என்று பல அலைவரிசைகளில் அது ஓடுகிறது. இந்தப் போனுக்கு 900 காது கேட்காது. டவுனில் 1800 தாராளமாக இருந்ததால் அங்கே பேசியது. தோட்டத்தை எட்டிப் பார்த்ததோ 900 மட்டும்தான்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். தோட்டத்து ஆட்களுக்கு முக்கியமானது இதுதான்.

எண் குறையக் குறைய அலை நீளும். 3500 மெகா ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஒரு விரலளவு, ஒன்பது சென்டிமீட்டர்கூட இல்லை. 900 என்றால் முப்பத்து மூன்று சென்டிமீட்டர். 700 என்றால் நாற்பத்து மூன்று, ஏறக்குறைய ஒரு முழம். நீள அலை தூரம் போகும், மேட்டை ஓரளவு வளைந்து தாண்டும், மட்டைக்கும் ஓலைக்கும் நடுவே புகுந்து வரும். குட்டை அலை நிறையச் சுமக்கும், ஆனால் சீக்கிரம் களைத்து விடும். மழை நனைத்த செம்பனை ஓலை அதைக் குடித்தே விடும். பட்டணத்தில் நூறு அடிக்கு ஒரு கட்டடம், அதன் தலையில் ஒரு அண்டெனா, குட்டை அலை போதும். கோபுரம் பல மைலுக்கு அப்பால் நிற்கிற நமக்கு நீள அலைதான் சோறு போடும்.

அந்த 700 அலைவரிசை முன்பு யாரிடம் இருந்தது தெரியுமா? லயத்துக் கூரை மேல் மீன்முள் மாதிரி அண்டெனா கட்டி டிவி பார்த்தோமே, அந்தப் பழைய டிவி ஒளிபரப்பிடம் இருந்தது. 2019 அக்டோபர் 31-ஆம் தேதியோடு பழைய ஒளிபரப்பை நாடு முழுவதும் நிறுத்தி டிஜிட்டலுக்கு மாறியதால் 700 காலியானது. 2021 டிசம்பரில் தொடங்கிய 5ஜிக்கு 3500-உடன் இதையும் கொடுத்தார்கள். அதற்காக இன்றே 5ஜி போன் வாங்க ஓட வேண்டியதில்லை. உங்கள் கோபுரத்தில் அது ஏறாமல், போனில் மட்டும் இருந்து புண்ணியமில்லை.

போன் வாங்கும்போது கேமராவை மட்டும் பார்க்காதீர்கள். மாடல் எண்ணைக் கேட்டு எழுதி வாருங்கள். பிள்ளைகளிடம் கொடுத்து, 4ஜியில் 8-ஆம் பட்டை இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். 900-க்கு உலகக் கணக்கில் உள்ள எண் அது. 5ஜி போனானால் 28 இருக்க வேண்டும், அதுதான் 700. அதோடு செட்டிங்ஸில் 'வி ஓ எல் டி இ' என்ற எழுத்துகள் உண்டா என்று பார்க்கட்டும். 4ஜி அலையிலேயே பேசுவதற்கான வசதி அது. 2ஜி கிடைக்காத இடத்தில் அது இல்லாத போனில் பேசவும் முடியாது. சிம் கார்டு மிகப் பழையதானால் அதையும் மாற்றிக் கொள்வது நல்லது. பாவித்த போனானால், பணத்தை எண்ணும் முன் தோட்டத்துக்குள் கொண்டு வந்து பார்க்க விடுவாரா என்று கேளுங்கள். விடமாட்டேன் என்றால் வேறு கடை பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் லைன் இல்லையென்றால் குறை போனில் இல்லை, கோபுரத்தில். தனியாகப் புலம்புவதை விட, பத்துக் குடும்பம் சேர்ந்து, லயம் எங்கே, எந்தக் கம்பெனி சிம், எந்த நேரத்தில் கிடைக்கவில்லை என்று எழுதி மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்துக்குப் புகார் அனுப்பலாம். அதோடு ஒரு பிரதி தோட்ட நிர்வாகத்துக்கும் போக வேண்டும். தோட்ட நிலத்தில் கோபுரம் நட நிலத்துக்காரன் சம்மதம் வேண்டுமே!

அக்காவின் 350 வெள்ளி திரும்பவில்லை. கடைக்காரர் கையை விரித்து விட்டார். பினாங்கில் தொழிற்சாலையில் வேலை செய்யும் மகள், அந்த ஆண்டு ஏப்ரலில் வேறு போன் வாங்கி அனுப்பினாள். வாங்கும் முன் மாடல் எண்ணை எனக்கு அனுப்பி, "மாமா, இதுல எட்டு இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டாள். இருந்தது.

பழைய 3ஜி போனை அக்கா எறியவில்லை. காலை நாலரைக்குப் பெரட்டுக்கு எழுப்ப அதுதான் மணி அடிக்கிறது. அப்புறம் காது ஒயரை மாட்டிக் கொண்டு, சோறு கட்டும்போது மின்னல் பண்பலையில் பாட்டுக் கேட்கிறார்.