சாடி மருளுக்கு நீர் விடும் முறை

யாழ்ப்பாணக் கமக்காரருக்கு நீர் இறைக்கும் முறையைக் கற்பிக்கப் புகுவது மிகையெனத் தோன்றலாம். மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் எப்பொழுது நீர் வேண்டும் என்பதை மண்ணைக் கையில் எடுத்தவுடன் அறிபவர் அவர். எனினும் அவர் வீட்டு விறாந்தையில் வைத்த மருள் அழுகி மடிவது அரிதன்று. தோட்டப் பயிருக்குக் காட்டும் பரிவை அதற்கும் காட்டுவதே காரணம். நெல்லுக்கு நின்ற நீர் நலம். மருளுக்கு அதுவே கேடு.

மருள் நமக்குப் புதியதன்று. பாம்பின் உடல்போல் வரியோடிய இலையுடைமையால் பாம்புச் செடி என்றும் இதனைக் கூறுவர். இதன் ஓரினத்துக்குத் தாவர நூலார் இட்ட 'செய்லானிக்கா' என்னும் பெயர் இலங்கையைக் குறிப்பது. இலங்கையிலும் இந்தியாவிலும் வறண்ட இடங்களில் அது தானே வளரும். இவ்வகைச் செடிகளின் நாரினால் முற்காலத்தில் வில்நாண் திரித்தனர். மஞ்சள் விளிம்புடன் இன்று விற்கப்படுவது மேற்காபிரிக்க இனம். இரண்டுக்கும் நீர் விடும் முறை ஒன்றே.

பெரும்பாலான பயிர்கள் இலைத்துளைகளைப் பகலில் திறந்து வைப்பதால் வெயிலில் நீரை மிகுதியாக இழக்கின்றன. மருளோ அத்துளைகளைப் பெரும்பாலும் இரவிலேயே திறக்கும். மேலும் தடித்த இலையிலும் நிலக்கீழ்த் தண்டிலும் நீரைச் சேமித்து வைக்கும். ஆதலால் சாடி மண் முற்றாய்க் காய்ந்தாலும் பல நாள் வாடாது. மண் ஓயாது ஈரமாயிருப்பின் வேருக்குக் காற்றில்லாது போய் அழுகல் தொடங்கும்.

நாட்கணக்கு வைத்து நீர் விடுதல் தவறு. காய்ந்த ஈர்க்கு ஒன்றைச் சாடியின் அடிவரை செலுத்திச் சற்று நேரங்கழித்து எடுத்துப் பார்க்கவும். ஈர மண் ஒட்டியிருந்தால் பொறுத்திருக்க வேண்டும். சோளகம் வீசும் கோடையில் ஏறக்குறைய இரு வாரத்துக்கு ஒரு முறையும், மாரியில் மாதத்துக்கு ஒரு முறையும் போதியதாகும். விடும்போது அடித்துளையால் வடியும்வரை விளிம்போரமாக விடுக. இலைகளின் நடுக் குருத்தில் நீர் தங்கலாகாது. துளையில்லாச் சாடி எத்துணை அழகியதாயினும் இச்செடிக்கு ஆகாது.

வடிந்த நீரைத் தட்டில் விட்டுவைத்தல் செடிக்கு மட்டுமன்று, வீட்டாருக்கும் தீது. டெங்கு நுளம்பு இத்தகைய சிறு நீரிலேயே பெருகும். 2023 ஆம் ஆண்டின் இறுதியில் யாழ்ப்பாண மாவட்டத்தில் அந்நோய் மிகுந்ததை நாம் அறிவோம். முட்டை தட்டின் சுவரில் ஒட்டி உலர்ந்தும் பல மாதம் உயிரோடிருக்குமாதலால், நீரைக் கொட்டினாற் போதாது. வாரந்தோறும் தட்டைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும்.

நம் கிணற்று நீரைப்பற்றியும் ஒரு சொல். குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக் கல். அதிலுள்ள நன்னீர், கீழேயுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்பு நீரும் இருப்பது பலரும் அறிந்ததே. சாடியின் விளிம்பிற் படியும் வெண்பொருக்கு இச்சுண்ணாம்பும் உப்புமே. வயலில் மாரி மழை உப்பைக் கழுவிவிடும். கூரைக்கீழ் உள்ள சாடிக்கு அவ்வாய்ப்பில்லை. ஆகவே கார்த்திகையில் ஒரு நல்ல மழைக்குச் சாடியை முற்றத்தில் வைத்து நனைய விட்டு, நீர் வடிந்தபின் உள்ளே எடுத்துக்கொள்க. தனிச் செம்பாட்டு மண் சாடியில் இறுகிவிடும்; அதற்குச் சம அளவு பருமணலும் சிறிது மக்கிய எருவும் சேர்க்கலாம். கடற்கரை மணலாயின் நன்னீரிற் பலமுறை கழுவாது சேர்க்க வேண்டாம்.

இலையடி மஞ்சளாகி மெதுமெதுத்து நாற்றம் வீசின் அழுகல் பற்றியது என்க. உடனே செடியைப் பிடுங்கி, அழுகியவற்றைக் கூரிய கத்தியால் வெட்டி நீக்கி, எஞ்சியதை நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்திப் புதுமண்ணில் நடுக. நட்டபின் ஒரு வாரம் நீர் விட வேண்டாம். முழுச் செடியும் கெட்டாலும் நல்ல இலையொன்றைத் துண்டாக்கி நட்டால் முளைக்கும். ஆயினும் மஞ்சள் விளிம்புள்ள வகை அவ்வாறு முளைக்கையில் விளிம்பை இழந்து பச்சையாகவே வரும். விளிம்பு வேண்டுவோர் கிழங்குடன் பக்கக் கன்றைப் பிரித்தே நடுதல் வேண்டும். வெட்டிய இலைகளை ஆடு மாடு மேயுமிடத்தில் எறியாதீர். தின்றால் அவற்றுக்கு வயிற்றுக் கோளாறு உண்டாகும்.