உங்களுக்குத் தெரியுமா? 6-இல் தொடங்கும் இதயக் கணக்கு

மாரடைப்புக்குப் பின் டாக்டர் "தினமும் நடங்க" என்று சொல்லிவிட்டார். முதலியார்பேட்டையில் கடலூர் சாலையோரம் நடக்கிறவரின் கண் கைக்கடிகாரத்திலேயே இருக்கிறது. ஆனால் அந்தக் கடிகாரம் இதயத்தைப் பார்ப்பதே இல்லை! அடியில் மினுக்கும் பச்சை விளக்கு தோலுக்குள் ஒளி பாய்ச்சுகிறது. ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். துடிப்புக்குத் துடிப்பு மணிக்கட்டில் ரத்தம் கூடிக் குறைய, திரும்பிவரும் ஒளியும் ஏறி இறங்கும். கடிகாரம் எண்ணுவது அதைத்தான். பட்டை தளர்ந்திருந்தால் கணக்கு தப்பும். மார்பில் கட்டும் பட்டையோ ஈசிஜி போல இதயத்தின் மின்துடிப்பையே பிடிக்கிறது.

1940களின் இறுதியில், நடமாடும்போதே ஈசிஜி எடுக்க அமெரிக்கர் நார்மன் ஹோல்டர் முதுகில் சுமந்த கருவியின் எடை சுமார் 38 கிலோ. இதயநோயாளி சுமந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்!

கைக்கடிகாரத்தை நம்புவதில் இன்னொரு சிக்கல்: பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு எவ்வளவு வேகமாக நடந்தாலும் துடிப்பு அவ்வளவாக ஏறாது. அப்போது கைகொடுப்பது சுவீடன் உளவியலாளர் குன்னர் போர்க் வகுத்த அளவுகோல். உடம்புக்கு எவ்வளவு சிரமம் என்று நோயாளியே 6 முதல் 20-க்குள் ஓர் எண் சொல்ல வேண்டும். ஏன் 6? பத்தால் பெருக்கினால் 60. ஆரோக்கியமானவர் ஓய்வில் இருக்கும்போது ஏறக்குறைய அதுதான் துடிப்பு. மறுவாழ்வுப் பயிற்சியில் பெரும்பாலும் 11 முதல் 14 வரை போகச் சொல்வார்கள்.

கருவியே இல்லையா? கூட வருபவரிடம் பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் வேகம் சரி. பாட்டே பாட முடிந்தால், நடையைக் கொஞ்சம் எட்டிப் போடலாம்.